ஒட்டு மக்காச்சோளத்தின் வீரியம் எங்கிருந்து வருகிறது, அடுத்த விதைப்பில் எங்கே போகிறது?

கேள்வி கேட்டவர் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: ஒட்டு மக்காச்சோளம் போட்டார், நன்றாக விளைந்தது. அதே வயலில் பெரிய, நுனிவரை மணி கட்டிய கதிர்களாகப் பொறுக்கி விதைக்கு எடுத்து வைத்தார். அடுத்த பருவத்தில் பயிர் ஏற்ற இறக்கமாக வந்தது, மகசூல் சரிந்துவிட்டது. "விதைக்குள் எதையாவது வைத்து விற்கிறார்களா? இரண்டு ரகத்தைச் சேர்த்தால் வீரியம் வருமென்றால், வந்த வீரியத்தை ஏன் நிறுத்தி வைத்துக்கொள்ள முடியவில்லை?" என்பது அவர் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வீரியம் எங்கே போனது என்பது ஒன்று. அது எங்கிருந்து வந்தது என்பது மற்றொன்று. பொதுவாக முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி விட்டுவிடுவார்கள். இரண்டாவது விளங்கினால் முதலாவது தானாக விளங்கும் என்பதால் நான் அதைத்தான் அதிகம் பேசப் போகிறேன். மக்காச்சோளப் பயிர்ப்பெருக்கத்தில் பல வருடம் இருந்தவன் நான். ஆனால் வயல் வேலை ஆள், மூலக்கூறு ஆய்வகத்து ஆள் இல்லை. அந்தப் பக்கத்து விஷயங்களைப் படித்துத் தெரிந்துகொண்ட அளவில்தான் சொல்கிறேன்.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். விதைக்குள் யாரும் எதையும் வைக்கவில்லை. அடுத்த தலைமுறை முளைக்காதபடி செய்யும் ஒரு மரபணுத் தொழில்நுட்பத்துக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள், உண்மைதான். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அது எந்தப் பயிரிலும் சந்தைக்கு வரவே இல்லை. உங்கள் விதை முளைத்தது, வளர்ந்தது, பூத்தது. விளைச்சல்தான் குறைந்தது. அப்படிக் குறைவது நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம், மக்காச்சோளச் செடியின் சொந்தச் சுபாவம்.

இன்னொன்று. பெரிய கதிராகப் பார்த்து எடுத்தேன் என்கிறீர்கள். நீங்கள் போட்டது ஒற்றைக் கலப்பு விதை என்றால், அதாவது இரண்டே இரண்டு தூய வரிசைகளை (பிள்ளைகள் அச்சாகப் பெற்றோரையே ஒத்திருக்கும் குடும்பங்களை) சேர்த்து எடுத்தது என்றால், அந்த வயலில் இருந்த செடிகள் எல்லாமே மரபணு அளவில் கிட்டத்தட்ட ஒரே செடி. ஒரு கதிர் பெரிதாகவும் பக்கத்துக் கதிர் சிறிதாகவும் இருந்ததற்குக் காரணம் மண், தண்ணீர், பக்கத்தில் ஒரு பயிர் விழுந்து இடைவெளி கிடைத்தது, எரு கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்தது, இப்படித்தான் இருக்கும். அந்தப் பெரிய அளவு கதிரோடு முடிந்துவிடும், விதைக்குள் போகாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தாலும் இதே பலன்தான். நாட்டு ரகத்தில் கதிர் பார்த்து விதை எடுப்பதற்கு ஓரளவு அர்த்தம் உண்டு, அங்கே செடிக்குச் செடி மரபணு வேறுபடுகிறது. ஒட்டில் அந்தப் பழக்கம் பயன்படாது.

இப்போது வீரியத்துக்கு வருவோம். மக்காச்சோளத்தின் ஆண் பூங்கொத்து செடியின் உச்சியில் இருக்கிறது, பெண் பூவான கதிர் நடுத்தண்டில். மகரந்தம் காற்றில் போகிறது. ஒரு கதிரில் உள்ள மணிகளில் பெரும்பகுதி அக்கம்பக்கத்துச் செடிகளின் மகரந்தத்தால் கட்டியவை. தன் மகரந்தத்தால் கட்டுவது கொஞ்சம்தான். ஆக, யாரும் கை வைக்காத நாட்டு ரக வயலில் கூட ஒவ்வொரு செடியும் ஏதோ இரண்டு செடிகள் கலந்து பிறந்த கலப்புதான். 1908இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் வேலை பார்த்த ஜார்ஜ் ஷல் எடுத்துச் சொன்னது இதைத்தான்: சாதாரண மக்காச்சோள வயல் என்பதே எண்ணற்ற சிக்கலான கலப்புகளின் கூட்டம். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் யாரும் சொன்ன மிகப் பெரிய வார்த்தை அது. நாம் கலப்பினால் செடிக்கு வீரியத்தைக் கொடுப்பதில்லை. செடி ஏற்கெனவே கலப்பினால்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறது. நாம் முதலில் அதைப் பறிக்கிறோம், பிறகு நாம் விரும்பிய விதத்தில் திருப்பிக் கொடுக்கிறோம்.

பறிப்பது எப்படி என்றால், செடியைத் தன்னோடு தானே சேர வைப்பதுதான். வேலை நுணுக்கமானது. பட்டு இழை (கதிர் நுனியில் மகரந்தத்தை வாங்கும் இழை) வெளியே தலைகாட்டும் முன்பே இளங்கதிருக்குச் சிறு உறை மாட்டிவிட வேண்டும். ஒரே ஒரு இழை வெளியே எட்டிப் பார்த்துவிட்டால் கூட அந்தக் கதிரை நம்ப முடியாது. மகரந்தம் இடுவதற்கு முந்தின நாள் கதிர் நுனியைக் கத்தியால் சீவி விட்டால், மறுநாள் பட்டு ஒரே மட்டத்தில் கத்தையாக எழுந்து நிற்கும். அதே மாலை ஆண் பூங்கொத்துக்குப் பழுப்புக் காகிதப் பை மாட்டி, அடியை மடித்துக் கிளிப் போட வேண்டும். காலையில் பனி காய்ந்ததும் தட்டையை வளைத்துப் பையைத் தட்டினால் மஞ்சள் தூள் அடியில் சேரும், மகரந்தப் பையின் தோலும் அதோடு விழும். கதிர் உறையைக் கழற்றின வேகத்தில் தூளைப் பட்டின் மேல் கொட்டி, அதே காகிதப் பையைக் கதிரின் மேல் கவிழ்த்துத் தண்டைச் சுற்றிக் கட்டித் தேதி எழுதுவோம். நல்ல வெயில் ஏறினால் மகரந்தம் செத்துவிடும் என்பதால் நண்பகலுக்குள் முடிக்கப் பார்ப்போம்.

அந்த மணிகளை விதைத்தால் வருகிற முதல் தலைமுறையைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. சில கதிர்களின் நாற்றில் நான்கில் ஒரு பங்கு பச்சையமே இல்லாமல் வெள்ளை வெளேரென்று முளைக்கும். மணியில் இருந்த மாவு தீரும்வரை நிற்கும், பிறகு வாடிப் போகும். சில குட்டையாக, இலை சுருண்டு வரும். சிலவற்றில் ஆண் பூ வரும், மகரந்தம் வராது. இவை எல்லாம் புதிதாக உண்டான குறைகள் இல்லை. தாய்ச் செடியில் ஒரு நல்ல மரபணுவும் ஒரு பழுதான மரபணுவும் ஜோடியாக இருந்தன. நல்லது மறைத்துக்கொண்டிருந்தது. தன்னோடு சேர்ந்தபோது பழுதும் பழுதும் ஒரே மணியில் சந்தித்துவிட்டன. ஒவ்வொரு தற்கலப்பிலும், ஜோடியில் இரண்டும் வேறாக இருக்கும் இடங்கள் பாதியாகக் குறையும்: 50 சதவீதம், 25, 12.5, 6.25 என்று. ஆறேழு தலைமுறையில் அநேகமாக எல்லா இடத்திலும் ஒரே வகை ஜோடிதான் மிஞ்சும். அதுதான் தூய வரிசை. உயரம் குறைந்து, தட்டை மெலிந்து, கதிர் சிறுத்து, எடுத்துவைத்த குடும்பங்களில் பல வழியிலேயே செத்துப்போய், மிச்சம் இருப்பது இளைத்த செடிதான். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. அதன் பிள்ளைகள் அச்சு அசலாக அதையே ஒத்திருக்கும். இந்தக் குணத்தைப் பிறகு பேசுவோம், ஒட்டின் முழு ரகசியமும் அங்கேதான் இருக்கிறது.

இப்படி இளைத்த இரண்டு வரிசைகளை, உறவில்லாதவையாகப் பார்த்துச் சேர்த்தால் பிறக்கும் செடி ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். இதை ஷல் மட்டும் பார்க்கவில்லை. கலந்து பிறந்த மக்காச்சோளம் தற்கலப்பில் பிறந்ததைவிட உயரமாக வளர்வதை டார்வின் அளந்து 1876இல் வெளியிட்டிருந்தார். அதே காலத்தில் மிச்சிகனில் வில்லியம் பீல் ரகத்துக்கு ரகம் கலந்து, ஒன்றின் ஆண் பூவைக் கிள்ளி எறிந்து, மகசூல் கூடுவதைக் காட்டினார். எட்வர்ட் ஈஸ்ட் ஷல்லின் காலத்திலேயே தனியாகத் தற்கலப்புச் சோதனை நடத்தினார். இந்தக் கலப்பு வீரியத்துக்கு ஹெட்டிரோசிஸ் என்ற சொல்லை ஷல் 1914இல் கொண்டுவந்தார். ஷல்லின் தனிப் பங்கு, தூய வரிசையாக்கிப் பிறகு கலப்பது என்ற இரண்டு படி முறையை 1909இல் தெளிவாக வகுத்துச் சொன்னதுதான்.

வீரியம் எல்லாக் குணத்திலும் ஒரே அளவில் தெரியாது. மணியின் எண்ணெய்ச் சத்து, புரதச் சத்து போன்றவற்றில் அவ்வளவாகத் தெரியாது. செடி உயரத்தில் நடுத்தரமாகத் தெரியும். மணி மகசூலில்தான் உச்சத்துக்குப் போகும். இதற்கு ஒரு எளிய கணக்குக் காரணம் இருக்கிறது. மகசூல் என்பது ஒரே குணம் இல்லை, பல குணங்களின் பெருக்கல். உதாரணத்துக்கு ஒரு தூய வரிசைக் கதிரில் 12 வரிசை மணி, வரிசைக்கு 18 மணி, மணி ஒன்று 0.22 கிராம் என்று வையுங்கள். கதிருக்கு ஏறக்குறைய 48 கிராம். அதன் ஒட்டில் 14 வரிசை, வரிசைக்கு 36 மணி, மணி 0.30 கிராம் என்றால் 151 கிராம். வரிசையில் கூடியது ஆறில் ஒரு பங்கு, மணி எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், மணி எண்ணிக்கை மட்டும் இரண்டு மடங்கு. பெருக்கினால் மூன்று மடங்குக்கு மேல் வந்துவிட்டது. பார்ப்பவருக்கு மாயம் மாதிரித் தெரிவதில் கணிசமான பங்கு இந்தப் பெருக்கல்தான்.

சரி, மரபணு அளவில் இது ஏன் நடக்கிறது? இங்கேதான் உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரிக்க வேண்டும். உறுதியானது: தூய வரிசை ஒவ்வொன்றிலும் பழுதான அல்லது பலம் குறைந்த மரபணுக்கள் பல இடங்களில் நிலைத்துவிட்டிருக்கின்றன, இரண்டு வரிசைகளில் அந்த இடங்கள் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே நூலின் இரண்டு ஓலைச்சுவடிகள் இருந்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தைக் கரையான் அரித்திருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்குப் பாட்டு முழுசாகக் கிடைத்துவிடும். ஒட்டுச் செடி செய்வது அதுதான். ஓங்கு மரபணு விளக்கம் என்று இதைச் சொல்வார்கள். 1908இல் டேவன்போர்ட்டும், 1910இல் புரூஸும், பட்டாணியில் வேலை செய்த கீபிள், பெல்லூ இருவரும் இதன் அடிப்படையைச் சொல்லிவிட்டார்கள். பிற்கால மரபணு வரைபடங்களும் இதற்குப் பலம் சேர்த்தன. பி73, மோ17 என்ற இரண்டு புகழ்பெற்ற வரிசைகளை ஒப்பிட்டால், ஒன்றில் இருக்கிற மரபணு மற்றதில் இருக்கவே இல்லை என்ற நிலை பல இடங்களில் தெரிகிறது. இருவருக்கும் பிறந்த செடியில் இரண்டு பக்கத்து மரபணுக்களும் வேலை செய்கின்றன.

சந்தேகத்துக்குரியது இதற்கு அடுத்த படி. பழுதை மறைப்பது மட்டும்தானா, அல்லது ஒரே மரபணுவின் இரண்டு வேறு வடிவங்கள் ஒரே செடியில் இருப்பதே தனியாக ஒரு பலத்தைத் தருகிறதா? ஷல்லும் ஈஸ்ட்டும் இரண்டாவது பக்கம் சாய்ந்தார்கள். 1940களில் ஃபிரெட் ஹல் அதற்கு ஒரு பெயரும் கொடுத்து வலுவாக வாதாடினார். தக்காளியில் பூக்கும் காலத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் இப்படி நடப்பதை 2010இல் காட்டினார்கள். ஆகவே நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் மக்காச்சோள மகசூலில் இந்த மாதிரித் தோன்றியவற்றில் பெரும்பகுதி போலித் தோற்றமாகவே முடிந்தது. ஒரே குரோமோசோமில் அருகருகே ஒரு நல்ல மரபணுவும் ஒரு மோசமான மரபணுவும் இருக்கிறது, எதிர் வரிசையில் அதே இரண்டும் தலைகீழாக இருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் ஒன்றாகவே நகர்வதால் பார்ப்பவருக்கு ஒரே மரபணு மாதிரித் தெரியும், கலப்புதான் இரண்டு தூய வடிவத்தையும் மிஞ்சுகிறது என்று தோன்றும். அந்தக் கலப்பின் பிள்ளைகளைப் பல தலைமுறை தங்களுக்குள் கலக்கவிட்டு, மரபணுக்கள் பிரிந்தபின் அளந்தால் அந்த மிஞ்சல் கரைந்து போகிறது. இந்தச் சோதனையை மக்காச்சோளத்தில் நன்றாகவே செய்திருக்கிறார்கள். என் சாய்வு ஓங்கு மரபணு விளக்கத்தின் பக்கம்தான். மரபணுக்கள் ஒன்றையொன்று பாதிக்கும் விதமும் சேர்ந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை, அதன் பங்கு எத்தனை என்பதில்தான் ஒத்த கருத்து இல்லை.

இதில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். பழுதை மறைப்பதுதான் வீரியம் என்றால், எல்லா நல்ல மரபணுவையும் ஒரே தூய வரிசையில் சேர்த்துவிட்டால் ஒட்டுக்கு இணையான, விதை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடிய செடி கிடைக்க வேண்டுமே? கொள்கை அளவில் சரி. நடைமுறையில், இரண்டு வரிசைகள் வெறும் 30 இடங்களில் வேறுபடுகின்றன என்று வைத்துக்கொண்டால் கூட, அவற்றிலிருந்து எடுக்கும் தூய வரிசைகளில் முப்பதிலும் நல்லதே அமைந்த ஒன்று கிடைக்கச் சுமார் 107 கோடியில் ஒன்று என்ற வாய்ப்புதான். உண்மையில் வேறுபடும் இடங்கள் அதைவிட மிக அதிகம். போதாததற்கு அவை சுதந்திரமாகப் பிரிவதும் இல்லை. மக்காச்சோளத்துக்குப் பத்து ஜோடிக் குரோமோசோம். ஒவ்வொன்றின் நடுப்பகுதியிலும் மரபணுப் பரிமாற்றம் மிக அரிதாகவே நடக்கும் நீண்ட பகுதி உண்டு. அங்கே நல்லதும் கெட்டதும் சேர்ந்தே கிடக்கின்றன. இந்தப் பிணைப்புதான் தடை என்பதை 1917லேயே டொனால்ட் ஜோன்ஸ் சொல்லிவிட்டார். அதனால் ஒட்டை எட்டிப் பிடிக்கும் தூய வரிசை இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் தூய வரிசைகள் நூறு வருடத்தில் வெகுவாகத் தேறியிருக்கின்றன.

இப்போது உங்கள் வயலுக்கு வருவோம். ஒட்டுச் செடியில் விளைந்த மணி ஒவ்வொன்றும் ஏற்கெனவே அடுத்த தலைமுறை. ஒற்றைக் கலப்பு வயலில் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி என்பதால், அவை ஒன்றோடொன்று கலந்தாலும் தன்னோடு தானே கலந்ததற்குச் சமம்தான். பெற்றோர் வேறுபட்ட இடங்களில் பாதி, ஜோடி ஒத்த நிலைக்குத் திரும்பிவிடும். வீரியத்திலும் பாதி போகும். இதைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. மரபியல் அறிஞர் சீவால் ரைட் 1922இல் கினிப் பன்றிகளை வைத்துக் கண்டது, மக்காச்சோளத்துக்கும் ஆச்சரியமாகப் பொருந்துகிறது: ஒட்டுக்கும் பெற்றோர் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெற்றோர் வரிசைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் இழப்பு. ஒட்டு ஹெக்டேருக்கு 8 டன், பெற்றோர் சராசரி 2 டன் என்று வைப்போம். ஒற்றைக் கலப்பில் பெற்றோர் இரண்டு. இழப்பு 3 டன், மிச்சம் 5. மூன்று வரிசை சேர்ந்த முக்கலப்பு இதே 8 டன் தந்திருந்தால் இழப்பு 2, மிச்சம் 6. நான்கு வரிசை சேர்ந்த இரட்டைக் கலப்பில் இழப்பு ஒன்றரை, மிச்சம் ஆறரை. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. விகிதம் மட்டும் சூத்திரத்தினுடையது.

காகிதக் கணக்கைவிட வயலில் நிலைமை மோசமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. ஒட்டு வயலில் எல்லாச் செடியும் ஒரே மட்டத்தில், சில நாள் இடைவெளிக்குள் பூக்கும். அடுத்த தலைமுறையில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். முந்தியது பக்கத்ததை நிழலில் அமுக்கும். நிழலில் நின்றது இன்னும் தாமதமாகப் பட்டு விடும். அதற்குள் வயலில் மகரந்தம் தீர்ந்திருக்கும். நுனி பொக்கையான கதிர்களும், கதிரே வைக்காத வெறும் தட்டைகளும் அப்படித்தான் வருகின்றன. நெருக்கமாக விதைத்திருந்தால் இது கூடும். நீங்கள் ஒட்டுக்குச் சொன்ன அதே இடைவெளியில் விதைத்திருந்தால், இழப்பில் ஒரு பகுதி இதனால்தான் இருக்கும்.

பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயமும் இங்கே உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் இப்படியே பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும் என்பார்கள். அப்படி இல்லை. இரண்டாம் தலைமுறை வயலில் செடிகள் தாராளமாக ஒன்றோடொன்று கலந்தால், மூன்றாவதிலும் நான்காவதிலும் ஜோடி வேறுபாடு அதே அளவில் நிற்கும், புதிய வீழ்ச்சி இல்லை. வீழ்ச்சி தொடர்வது எப்போது என்றால், ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து கதிரிலிருந்து மட்டும் விதை எடுக்கும்போது. அப்போது நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே கலப்பு நடந்து பழுதுகள் மறுபடியும் சந்திக்கத் தொடங்கும்.

ஒட்டு மக்காச்சோளத்தின் பெரிய மகசூலுக்கு வீரியம்தான் காரணம் என்று புத்தகங்கள் எழுதும். இதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். நாட்டு ரகச் செடியும் கலப்புதான் என்று ஷல் சொன்னதை நினைவில் வையுங்கள். தற்கலப்பில் பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது மட்டும் என்றால், நாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருப்போம். தூய வரிசையின் முக்கியமான லாபம் வேறு. நாட்டு ரக வயலில் ஆயிரத்தில் ஒரு செடி அபாரமாக இருந்தாலும் அதை மறுபடி எடுக்க வழியில்லை, அதன் மகரந்தத் துணை யார் என்றே தெரியாது. ஆனால் இரண்டு தூய வரிசைகளின் கலப்பை எத்தனை தடவை வேண்டுமானாலும், எத்தனை லட்சம் செடி வேண்டுமானாலும், அச்சாக மறுபடி உண்டாக்கலாம். ஒரே ஒரு செடியின் அமைப்பைப் பத்து இடத்தில், ஐந்து வருடம் சோதித்து, தேறினால் வைத்துக்கொண்டு, தேறாவிட்டால் எறிந்துவிடலாம். தேர்வு கூர்மையானது இதனால்தான்.

அமெரிக்கப் புள்ளிவிவரம் இதைக் காட்டுகிறது. 1860களிலிருந்து 1930களின் நடுப்பகுதி வரை அங்கே சராசரி மகசூல் ஹெக்டேருக்கு 1.6 டன்னை ஒட்டியே நின்றது. அத்தனை வருடக் கதிர்ப் பொறுக்கலும் அதை அசைக்கவில்லை. அயோவாவில் 1935இல் ஒட்டின் பரப்பு 10 சதவீதத்துக்குள் இருந்தது, நான்கைந்து வருடத்தில் 90 சதவீதத்தைத் தாண்டியது. இன்று நாட்டுச் சராசரி 11 டன் அளவில் இருக்கிறது. இதில் தழைச்சத்து உரம், களைக்கொல்லி, இயந்திரம் எல்லாவற்றின் பங்கும் உண்டு. ஏறக்குறைய பாதியோ சற்று மேலோதான் பயிர்ப்பெருக்கத்தின் பங்கு என்று மதிப்பிடுகிறார்கள். டொனால்ட் டுவிக் என்ற அறிஞர் வெவ்வேறு பத்தாண்டுகளின் ஒட்டுகளை ஒரே வயலில் சேர்த்து விதைத்துப் பார்த்தார். ஒட்டுக்கும் அதன் பெற்றோருக்கும் உள்ள இடைவெளி, அதாவது வீரியம், காலப்போக்கில் பெரிதாகக் கூடவில்லை. பெற்றோரும் தேறினார்கள், ஒட்டும் தேறியது. தனிச் செடிக்கு நிறைய இடம் கொடுத்து வளர்த்தால், பழைய ஒட்டுக்கும் புது ஒட்டுக்கும் செடி மகசூலில் பெரிய வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் நெருக்கத்தில் தெரிகிறது. 1930களில் ஹெக்டேருக்குச் சுமார் 30,000 செடி. இன்று 80,000 வரை போகிறது. அந்த நெருக்கத்தில் பழைய ஒட்டு பட்டு விட மறுக்கும், சாயும். புதியது இலையை நிமிர்த்திக்கொண்டு, ஆண் பூங்கொத்தைச் சிறிதாக்கிக்கொண்டு, மகரந்தமும் பட்டும் ஒரே நாளை ஒட்டி வரும்படி அமைந்து, ஒவ்வொரு தட்டையிலும் ஒரு கதிர் வைத்துவிடும். நூறு வருட முன்னேற்றத்தின் பெரும்பகுதி நெரிசலைத் தாங்கும் இந்தக் குணம்தான்.

வீரியம் இத்தனை சதவீதம் என்று ஆய்வுக் கட்டுரைகளில் வரும் எண்களையும் இதே கண்ணோடு பாருங்கள். பெற்றோர் 1 டன், ஒட்டு 4 டன் என்றால் வீரியம் 300 சதவீதம். பெற்றோர் 3 டன், ஒட்டு 9 டன் என்றால் 200 சதவீதம்தான். எதை விதைப்பீர்கள்? பெற்றோர் நோஞ்சானாக இருந்தால் சதவீதம் தானாக ஏறும். எனவே, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் நல்ல ஒட்டோடு ஒப்பிட்டு எத்தனை கூடுதல் என்று சொல்லாத வீரியக் கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை.

எந்த வரிசையோடு எது சேரும் என்பது தனி வித்தை. 100 வரிசை கையில் இருந்தால் 4,950 கலப்பு சாத்தியம். அத்தனையையும் வயலில் பார்க்க முடியாது. வரிசைகளைச் சொந்தபந்தம் பார்த்துக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குள் தேற்றி, மறு குழுவோடு கலப்பார்கள். பி73 அயோவாவில் தண்டு உறுதிக்காகச் சேர்த்த ஒரு தொகுப்பிலிருந்து 1972இல் வெளிவந்தது. மோ17 மிசௌரியில் லான்காஸ்டர் வழி வந்தது. இந்த இருவரின் சேர்க்கை ஒரு காலத்தையே ஆண்டது. தூரத்துச் சொந்தம் நல்லது என்பதற்கும் எல்லை உண்டு. தூரம் கூடக் கூட வீரியம் கூடும், ஓர் அளவுக்கு மேல் இறங்கத் தொடங்கும், ஏனென்றால் வெகு தூரத்துச் செடி அந்தச் சூழலுக்கே பழகாததாக இருக்கும்.

விதைக்கு ஏன் இத்தனை விலை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். தாய் வரிசை இளைத்த செடி, அதில் கட்டும் மணி குறைவு. அந்த மணிதான் விற்கும் விதை. அதனால்தான் ஷல்லின் முறை முதலில் விலை போகவில்லை. 1918 வாக்கில் ஜோன்ஸ் இரண்டு ஒற்றைக் கலப்புகளைத் தங்களுக்குள் கலந்தார். வீரியமான செடியே தாயானதால் விதை மலிந்தது, ஒட்டு பரவியது. தூய வரிசைகள் தேறிய பிறகு 1960களில் மறுபடி ஒற்றைக் கலப்புக்குத் திரும்பினார்கள். தாய்ச் செடியின் ஆண் பூவைக் கையால் கிள்ளும் செலவைத் தவிர்க்க, மகரந்தமே வராத டெக்சாஸ் வகைத் தாய்ச் செடியை எங்கும் பயன்படுத்தினார்கள். 1970இல் ஒரு இலைக் கருகல் பூஞ்சை குறிப்பாக அந்த வகையைத் தாக்கி, அமெரிக்க விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதத்தைக் கொண்டுபோனது. மறுபடியும் ஆண் பூவைக் கிள்ள ஆட்கள் வயலில் இறங்கினார்கள்.

வீரியத்தை நிலைநிறுத்த ஒரே நேர்வழி, செடி ஆண், பெண் அணுக்கள் சேர்ந்து கரு உண்டாகாமலே தன்னைப் போன்ற விதையை உண்டாக்குவது. புல் வகைகளில் சிலவற்றுக்கு இந்தப் பழக்கம் இயல்பாகவே உண்டு. மக்காச்சோளத்தின் சொந்தக்காரப் புல்லான டிரிப்சாகத்திலும் உண்டு. அதைக் கலப்பின் மூலம் மக்காச்சோளத்துக்குக் கொண்டுவரப் பல பத்தாண்டுகள் முயன்றும் பயிருக்கு உதவும் வடிவில் வரவில்லை. நெல்லில் மரபணுத் திருத்தம் மூலம் ஒட்டுச் செடி தன் நகலையே விதையாகத் தருவதை 2019இல் காட்டினார்கள். மக்காச்சோள விவசாயி கைக்கு அது எப்போது வரும் என்று தேதி சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

விதை எடுத்து வைப்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால், ஒட்டை விட்டுக் கூட்டு ரகம் அல்லது நாட்டு ரகம் பாருங்கள். பல வரிசைகளைச் சேர்த்து உண்டாக்கிய ரகத்தில், மேலே சொன்ன சூத்திரப்படி, வகுக்கும் எண் பெரிதாவதால் இழப்பு சிறிது. நல்ல ஒட்டின் உச்ச மகசூல் அதில் வராது, ஆனால் வருடா வருடம் நிலைத்து நிற்கும். விதை எடுக்கும்போது ஓரத்து வரிசைகளை விட்டுவிடுங்கள், அங்கே பக்கத்து வயல் மகரந்தம் விழுந்திருக்கும். நடுவயலில், சுற்றிலும் முழுப் பயிர் நிற்கும் இடத்தில், போட்டியில் ஜெயித்த செடியாகப் பாருங்கள், இடைவெளியில் தனியாகக் கொழுத்ததை அல்ல. சாயாததும் நோய் இல்லாததும் கதிர் அளவைப் போலவே முக்கியம். குறைந்தது நூறு கதிராவது வேண்டும், ஒவ்வொன்றிலிருந்தும் சம அளவு மணி எடுத்துக் கலந்து வையுங்கள். ஏற்கெனவே எடுத்து வைத்த ஒட்டு விதையைத்தான் போட வேண்டும் என்றால், இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், வெறும் தட்டைகள் குறையும்.

உங்கள் வயலில் எத்தனை குறையும் என்று இங்கிருந்து எண் சொல்ல எனக்கு வழியில்லை. விதைப் பையில் ஒற்றைக் கலப்பா முக்கலப்பா என்று போட்டிருந்தால், ஒட்டில் எடுத்த மகசூல் எத்தனை, இரண்டாவது விதைப்பில் எடுத்தது எத்தனை, இரண்டு பருவத்திலும் பூக்கும் நேரத்தில் தண்ணீர் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பூக்கும் வாரத்தில் வறட்சி அடித்திருந்தால், சரிவில் ஒரு பங்கை வீரியத்தின் கணக்கில் எழுதக் கூடாது.